வங்கிப் படி ஏறும் முன் கணக்கைச் சரிசெய்வது எப்படி: சிறுதொழில் நடத்துபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன், திருப்பூரில் 15 வேலம்பாளையம் பக்கம் 12 மெஷின் போட்டு, கம்பெனிகள் தரும் துணியைக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் தையல் யூனிட் நடத்திக்கொண்டிருந்தேன். இன்னும் ஆறு மெஷின் போட 6 லட்சம் கடன் கேட்டு ஒரு வங்கிக்குப் போனேன். ஆர்டர் இருந்தது, டெய்லர்கள் இருந்தார்கள், பேச்சும் நன்றாகவே வந்தது. மேலாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "மாசம் உங்களுக்கு எவ்வளவு நிக்குது?" "ஒரு அறுபது, எழுபது நிக்குமுங்க" என்றேன். "அதை எழுதிக் காட்டுங்க, பார்க்கலாம்" என்றார். எழுதிக் காட்ட முடியவில்லை. அறுபதா எழுபதா என்பதே எனக்குத் தெரியாது, அதுதான் உண்மை.

அன்று கோபமாகத்தான் வெளியே வந்தேன். அப்புறம் யோசித்தால், என்னை முன்பின் தெரியாத ஒருவர், என் யூனிட்டுக்குள் கால் வைக்காமலேயே, காகிதத்தைப் பார்த்து என்னை நம்ப வேண்டியிருக்கிறது. அந்தக் காகிதத்தைத் தயார் செய்யும் வேலையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். என் யூனிட் மாதிரி ஒன்றையே கொஞ்சம் உருண்டையான எண்களில் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உங்களுடையது மளிகைக்கடையோ மரச்செக்கோ லேத் பட்டறையோ, எண்கள் மாறும், முறை இதேதான்.

முதல் படி: தொழில் காசும் வீட்டுக் காசும் தனித்தனி

இது எல்லாரும் சொல்வதுதான், ஆனால் யாரும் செய்வதில்லை. கம்பெனியிலிருந்து வரும் பணம் சேமிப்புக் கணக்கில் விழும், அதிலிருந்தே பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், மாமனார் வீட்டு விசேஷத்துக்கு மொய், நூல்கடை பாக்கி எல்லாம் போகும். வங்கிக்காரர் 12 மாத ஸ்டேட்மெண்டைத் திறந்தால் எது தொழில் எது வீடு என்று பிரிக்கவே முடியாது. பிரிக்க முடியாததை அவர் கணக்கில் சேர்க்க மாட்டார், அவ்வளவுதான்.

தொழில் பெயரில் நடப்புக் கணக்கு ஒன்று திறங்கள். வரவு முழுக்க அதில் மட்டும் வரட்டும். கடை வாசலில் ஒட்டியிருக்கும் க்யூஆர் மனைவியின் அக்கவுண்டுக்குப் போகிறதென்றால் இன்றைக்கே மாற்றுங்கள். அப்புறம் உங்களுக்கு நீங்களே ஒரு சம்பளம் வையுங்கள், மாதம் 40,000 என்றால் 1ஆம் தேதி வீட்டுக் கணக்குக்கு மாற்றிவிட வேண்டும், நடுவில் கல்லாவில் கை வைக்கக் கூடாது. முதல் மூன்று மாதம் கஷ்டமாக இருக்கும். என் வீட்டில் சண்டையே வந்தது, ஆனால் வீட்டுச் செலவு 40,000 இல்லை, 55,000 என்று அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் தெரிந்தது.

இரண்டாம் படி: தினமும் பத்து நிமிடம்

சாஃப்ட்வேர் எல்லாம் பிறகு பார்க்கலாம். ஒரு நீள நோட்டு போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, கீழே அன்றைய கை இருப்பு. அந்த இருப்பும் பெட்டியில் உள்ள பணமும் பொருந்த வேண்டும். பொருந்தாத நாளில் நோட்டை மூடாதீர்கள், மறுநாள் நிச்சயம் நினைவுக்கு வராது. தையல் யூனிட்டில் சனிக்கிழமைதான் சோதனை, பீஸ் ரேட் சம்பளம், நடுவாரத்தில் கொடுத்த அட்வான்ஸ், டீக்கடை பாக்கி என்று எல்லாம் ஒரே மணி நேரத்தில் போகும். சம்பளத்துக்கு ஒரு வவுச்சரில் கையெழுத்து வாங்கிவிடுங்கள், முடிந்தவரை வங்கி வழியாகவே கொடுங்கள்.

இதோடு இரண்டு பட்டியல் தனியாக வேண்டும்: யார் நமக்குத் தர வேண்டும், நாம் யாருக்குத் தர வேண்டும். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே பில் தேதி கட்டாயம் இருக்கட்டும். பில் தேதி இல்லாத பாக்கிப் பட்டியல் வெறும் புலம்பல்.

மூன்றாம் படி: லாபத்தைச் சரியாகக் கண்டுபிடிப்பது

நம் உதாரண யூனிட்டின் மாத பில் 4 லட்சம். கூலி 2,40,000, நூல் ஊசி ஆயில் 22,000, வாடகை 25,000, கரண்ட் 18,000, வண்டி 10,000, மற்றவை 10,000. செலவு 3,25,000. நிற்பது 75,000, வருடத்துக்கு 9 லட்சம்.

ஏற்கெனவே மெஷின் கடனுக்கு மாதம் 12,000 தவணை போகிறது என்று வைப்போம். இங்கேதான் நிறையப் பேர் தவறு செய்கிறோம், தவணை முழுவதையும் செலவில் எழுதிவிடுகிறோம். தவணையில் வட்டி மட்டும்தான் செலவு, அசல் என்பது வாங்கிய கடனைத் திருப்பித் தருவது. வருடத் தவணை 1,44,000-இல் வட்டி 36,000 என்றால் அந்த 36,000 மட்டும் லாப நட்டக் கணக்கில் வரும். அதற்கு நேர்மாறாக, கையை விட்டுக் காசு போகாமலேயே ஒரு செலவு உண்டு, அது தேய்மானம். மெஷின் வருடா வருடம் மதிப்பு குறைகிறது, அதற்கு 90,000 கழித்தால், லாபம் 7,74,000.

உங்கள் சம்பளம் 40,000 இதில் எங்கே என்று கேட்கலாம். தனி உரிமையாளர் தொழிலில் முதலாளி எடுப்பது செலவு ஆகாது, லாபத்திலிருந்து எடுப்பதுதான். ஆனால் வங்கிக்காரர் அதை மறக்க மாட்டார், தவணை கட்டும் சக்தியைப் பார்க்கும்போது கழித்துவிடுவார்.

நான்காம் படி: லாபம் இருந்தும் கையில் காசு இல்லாதது ஏன்

எனக்கு இதைப் புரிந்துகொள்ளத்தான் அதிக நாள் ஆனது. மாதம் 75,000 நிற்கிறது என்று கணக்கு சொல்கிறது, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆனால் கூலிக்குக் கைமாத்து கேட்டு அலைகிறோம். காரணம் சாதாரணமானது. கூலி ஏழு நாளுக்கு ஒருமுறை போகிறது, கம்பெனி பணம் 75 நாள் கழித்து வருகிறது. மாதம் 4 லட்சம் பில் என்றால் 75 நாளைக்கு 10 லட்சம் எப்போதும் வெளியே மாட்டிக்கொண்டிருக்கும். அந்த பீஸ்களைத் தைக்க நம் கையிலிருந்து ஏற்கெனவே போனது 8 லட்சத்துக்கும் மேல். ஆர்டர் கூடினால் இந்தத் தொகையும் கூடும். அதனால்தான் தொழில் வளர வளர நெருக்கடி கூடுகிற மாதிரி இருக்கிறது. மரச்செக்கு வைத்திருப்பவர்களுக்கு இதே கதை சரக்கு வடிவில் வரும், அறுவடை நேரத்தில் கடலையை மொத்தமாக வாங்கிப் போட்டால் காசு மூட்டைக்குள் உட்கார்ந்துவிடும்.

ஆகவே அடுத்த மூன்று மாதத்துக்கு வாரவாரியாக ஒரு தாள் போடுங்கள்: இந்த வாரம் எந்த பில் வரும், எவ்வளவு போகும், வாரக்கடைசியில் எவ்வளவு இருக்கும். எந்த வாரம் கழித்தல் குறி வருகிறதோ அங்கேதான் உங்களுக்குக் கடன் தேவை. பல நேரம் கடனே தேவைப்படாது, வசூலை 20 நாள் முன்னால் இழுத்தால் போதும்.

இழுப்பதற்குச் சட்டத்தில் ஒரு பிடி இருக்கிறது. 2006 சிறுதொழில் வளர்ச்சிச் சட்டப்படி, உத்யம் என்ற மத்திய அரசின் சிறுதொழில் பதிவு உள்ள குறு, சிறு தொழிலுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது, ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள்தான். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. இதற்கான அரசுத் தளத்தில் புகார் போடலாம், ஆனால் போட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. அதைவிட நடைமுறையில் வேலை செய்வது வேறு: 2023-24 முதல், இந்தக் கெடுவைத் தாண்டி நிலுவையில் இருக்கும் தொகையை, கொடுத்து முடிக்கும் வருடம் வரை கம்பெனி வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. பிப்ரவரி மாதமே உங்கள் உத்யம் சான்றிதழ் நகலைப் பணிவாக ஒரு கடிதத்தோடு கம்பெனி கணக்குப் பிரிவில் கொடுத்துவிடுங்கள், பில்லிலும் அந்த எண்ணை அச்சிடுங்கள். மார்ச்சில் சண்டையில்லாமல் பணம் வரும். இது உற்பத்திக்கும் சேவைக்கும்தான், வாங்கி விற்கும் வியாபாரிகளுக்குக் கிடையாது. உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் எதையும் நம்பாதீர்கள்.

ஐந்தாம் படி: ஐந்தொகை

ஐந்தொகை என்கிற பேலன்ஸ் ஷீட்டை ஆடிட்டர் போட்டுத் தருவார், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் உங்களுக்குச் சொந்தமானவை, வரவேண்டியவை: மெஷின், கட்டட அட்வான்ஸ், பாக்கி, கையிருப்பு. மறுபக்கம் அதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது: உங்கள் முதல், வங்கிக் கடன், நூல்கடை பாக்கி, மச்சானிடம் வாங்கிய 2 லட்சம். அந்த மச்சான் கடனை மறைக்காதீர்கள். வங்கிக் கடன் தீரும் வரை திருப்பிக் கேட்க மாட்டேன் என்று அவர் எழுதிக் கொடுத்தால், அதைப் பல வங்கிகள் கிட்டத்தட்ட உங்கள் முதல் மாதிரியே பார்க்கும்.

ஆறாம் படி: நான்கு காகிதமும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும்

வங்கி ஸ்டேட்மெண்ட், ஜிஎஸ்டி தாக்கல், வருமான வரி தாக்கல், நீங்கள் தரும் கணக்கு. இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதுதான் கடன் பிரிவின் முதல் வேலை. போதாததற்கு, ஜாப் ஒர்க் தரும் கம்பெனி பில் தொகையில் முன்கூட்டியே பிடிக்கும் வரியான டிடிஎஸ் உங்கள் பான் எண்ணில் ஏறிவிடும், மொத்த பில் எவ்வளவு என்பது அதிலேயே தெரிந்துவிடும். ஜாப் ஒர்க் என்பது சேவை என்பதால் தமிழ்நாட்டில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினாலே ஜிஎஸ்டி பதிவு வேண்டும், பொருள் விற்பவர்களுக்கு 40 லட்சம்.

இனி கசப்பான விஷயம். நம் ஆட்களில் பாதிப் பேர் கணக்குப் புத்தகம் இல்லாமல் உத்தேச லாப முறையில் வரி தாக்கல் செய்கிறோம், வங்கி வழி வந்த வரவுக்கு 6 சதவீதம், ரொக்கத்துக்கு 8 சதவீதம். நம் யூனிட்டின் 48 லட்சத்துக்கு 6 சதவீதம் போட்டால் லாபம் 2,88,000. உண்மை லாபம் 7,74,000. அந்த 6 சதவீதம் குறைந்தபட்சம்தான், அதற்கு மேல் சம்பாதித்தால் அதைக் காட்ட வேண்டும் என்பதுதான் சட்டம். சட்டத்தை விடுங்கள், 2,88,000 சம்பாதிப்பவர் வருடம் 4,80,000 வீட்டுக்கு எடுக்கிறார் என்று காகிதம் சொல்கிறதே, அவருக்கு யார் கடன் தருவார்கள்? 2025-26 முதல் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை சாதாரண வருமானத்துக்கு வரியே வராது. 7,74,000 என்று உள்ளதை உள்ளபடி காட்டினாலும் கட்ட வேண்டியது பூஜ்யம். இல்லாத வரியை மிச்சம் பிடிப்பதற்காகக் கிடைக்க வேண்டிய கடனை இழக்கிறோம். கடன் தேவைக்கு இரண்டு வருடம் முன்னாலேயே சரியான தாக்கலைத் தொடங்குங்கள், கடைசி நேரத்தில் மூன்று வருட ரிட்டர்னைச் சேர்த்துப் போட்டால் அதுவும் தேதியோடு தெரியும்.

ஏழாம் படி: எவ்வளவு கேட்பது, எந்தக் கடன் கேட்பது

மெஷின் வாங்கத் தவணைக் கடன், கூலிக்கும் சரக்குக்கும் நடைமுறை மூலதனக் கடன், அதாவது சிசி (கேஷ் கிரெடிட்) அல்லது ஓடி (ஓவர்டிராஃப்ட்), ஒரு வரம்புக்குள் வேண்டும்போது எடுத்து, வரும்போது கட்டிக்கொள்வது. இரண்டையும் குழப்பாதீர்கள். சிசி பணத்தில் மெஷின் வாங்கினால் ஆறே மாதத்தில் கூலிக்குக் காசு இருக்காது.

நடைமுறை மூலதனத்துக்குச் சிறு தொழில்களுக்கு வங்கிகள் வைத்திருக்கும் எளிய கணக்கு இது: வரும் வருடம் எதிர்பார்க்கும் விற்பனையில் 20 சதவீதம் வங்கி தரும், 5 சதவீதம் நீங்கள் போட வேண்டும். 48 லட்சத்துக்கு வங்கிப் பங்கு 9,60,000, உங்கள் பங்கு 2,40,000. எதிர்பார்ப்பு நம்பும்படி இருக்க வேண்டும். ஆறு மெஷின் கூடினால் வரவு 50 சதவீதம் கூடும் என்று எழுதிக்கொண்டு போனேன் நான், "டெய்லர் கிடைப்பாங்களா?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி, திருப்பூரில் மெஷின் வாங்குவது சுலபம், அதில் உட்கார ஆள் பிடிப்பதுதான் பாடு.

தவணைக் கடனுக்கு அவர்கள் பார்ப்பது, கட்ட வேண்டிய தொகையைப்போல் எத்தனை மடங்கு கையில் நிற்கிறது என்பதை. நம் யூனிட்டில் வட்டி, தேய்மானம் கழிக்கும் முன் 9 லட்சம். வீட்டுக்கு 4,80,000 போக 4,20,000 மிச்சம். 6 லட்சத்தை 12 சதவீதக் குறையும் வட்டியில், அதாவது மிச்சமிருக்கும் அசலுக்கு மட்டும் போடும் வட்டியில், 36 மாதத்துக்கு வாங்கினால் தவணை சுமார் 19,930. பழைய தவணையோடு சேர்த்து வருடத்துக்கு 3,83,000. 4,20,000-ஐ இதனால் வகுத்தால் 1.1 மடங்கு. வங்கிகள் பொதுவாக 1.25, 1.5 என்று எதிர்பார்க்கும்போது இது தேறாது. அதே 6 லட்சத்தை 60 மாதத்துக்குக் கேட்டால் தவணை சுமார் 13,350, மொத்தம் 3,04,000, விகிதம் 1.38. வட்டி மொத்தத்தில் கூடும்தான், ஆனால் கடன் கிடைக்கும், மூச்சும் விடலாம். புது மெஷின் தரும் வருமானத்தை இதில் சேர்க்கவே இல்லை, அதைச் சேர்க்காமலே நிற்கிறது என்று காட்டினால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

உங்களுக்காக இன்னொரு கணக்கும் போடுங்கள், இதை வங்கி கேட்காது. 4 லட்சம் பில்லில் கூலியும் நூலும் பீஸுக்கு ஏற்பக் கூடிக் குறையும், அது 2,62,000. மிச்சம் 1,38,000, அதாவது ரூபாய்க்கு முப்பத்து நாலரை பைசா. தைத்தாலும் தைக்காவிட்டாலும் போகும் 63,000, வீட்டுக்கு 40,000, பழைய தவணை 12,000, புதுத் தவணை 13,350, மொத்தம் 1,28,350. இதை 0.345-ஆல் வகுத்தால் 3,72,000. மாத பில் அதற்குக் கீழே போனால் ஏதோ ஒன்றுக்குக் கைக்காசு போட வேண்டிவரும். தீபாவளிக்கு ஊருக்குப் போன டெய்லர்கள் ஒரு வாரம் தாமதமாக வந்தாலே பில் அதற்குக் கீழே போய்விடும். ஆகவே இரண்டு மாதத் தவணையைத் தனியாக ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

எட்டாம் படி: சிபில்

நாம் கடன் கட்டிய வரலாற்றைத் தொகுத்து வைக்கும் சிபில் போன்ற ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு அறிக்கை இலவசமாகத் தர வேண்டும், விண்ணப்பிக்க மூன்று மாதம் முன்பே எடுத்துப் பாருங்கள். ஸ்கோர் 300 முதல் 900 வரை. ஆனால் ஸ்கோரைவிட உள்ளே எழுதியிருப்பதுதான் முக்கியம். மறந்துபோன கிரெடிட் கார்டில் ஏதோ ஒரு சில்லறைப் பாக்கி, நண்பனுக்குப் போட்ட ஜாமீன், அடைத்தும் மூடாமல் கிடக்கும் நகைக்கடன், எல்லாம் அதில் இருக்கும். தவறு இருந்தால் புகார் கொடுங்கள், 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.

ஒன்பதாம் படி: கோப்பும் கதவும்

கோப்பில் ஆதார், பான், உத்யம், வாடகை ஒப்பந்தம், கரண்ட் பில், 12 மாத ஸ்டேட்மெண்ட், ஜிஎஸ்டி தாக்கல், மூன்று வருட வரி தாக்கலும் ஐந்தொகையும், மெஷின் விலைப்புள்ளி, திட்ட அறிக்கை. மெஷின் விலை 7,50,000 என்றால் 20 சதவீதம், 1,50,000, உங்கள் பங்கு எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஆதாரம். திட்ட அறிக்கையை ஆள் வைத்து எழுதினாலும் ஒவ்வொரு எண்ணும் எங்கிருந்து வந்தது என்று நீங்களே சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். எங்கள் அறிக்கையில் எழுதிக் கொடுத்தவர் வேறு யாரோ ஒருவருடைய பேக்கரி கணக்கிலிருந்து ஒரு வரியை நீக்க மறந்துவிட்டார், "மைதா" என்று இருந்தது.

முத்ரா திட்டத்தில் 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண், தருண் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்தவர்களுக்கு 20 லட்சம் வரை தருண் பிளஸ். குறு, சிறு தொழில் கடனில் ரிசர்வ் வங்கி சொல்லும் வரம்பு வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது, அது முன்பு 10 லட்சம், 2026 ஏப்ரல் முதல் தரும் கடன்களுக்கு 20 லட்சம். அதற்கு மேல் போனால் சிஜிடிஎம்எஸ்இ என்ற கடன் உத்தரவாத அறக்கட்டளை வழியாகக் கேட்கலாம், கட்டணம் உண்டு. அந்த உத்தரவாதம் வங்கிக்குத்தான், நீங்கள் கட்டாமல் போனால் கடன் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தமிழக அரசின் மானியத் திட்டங்களை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேளுங்கள். நீட்ஸ் மாதிரியானவை புதிதாகத் தொடங்குபவர்களுக்கு, நடக்கும் தொழிலை விரிவாக்க வேறு திட்டம் பார்க்க வேண்டும். மானியம் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரைக் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

பத்தாம் படி: கையெழுத்துக்கு முன் வட்டியைப் பாருங்கள்

5 லட்சம், 12 சதவீதம், 36 மாதம். குறையும் வட்டியில் தவணை சுமார் 16,600, மொத்த வட்டி 98,000-க்குள். அதே 12 சதவீதம் ஃபிளாட், அதாவது அசல் குறைந்தாலும் முதலில் வாங்கிய முழுத் தொகைக்கே கடைசிவரை வட்டி, என்றால் வட்டி 1,80,000, தவணை 18,889, உண்மையான வட்டி 21 சதவீதத்துக்கு மேல். வாய்வார்த்தையில் இரண்டும் 12தான். தண்டலில் 9,000 கையில் வாங்கி நாளுக்கு 100 வீதம் 100 நாள் கட்டினால் வெறும் ஆயிரம்தானே என்று தோன்றும், வருடக் கணக்கில் அது 75 சதவீதத்தைத் தாண்டும். நகைக்கடனை நான் குறை சொல்ல மாட்டேன், ஒரு பில் வரும்வரை ஒரு மாதம் தாக்குப்பிடிக்க நல்லதுதான், ஐந்து வருடம் ஓடும் மெஷினை அதில் வாங்குவதுதான் தவறு. பரிசீலனைக் கட்டணம், காப்பீடு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பதை எல்லாம் அனுமதிக் கடிதத்தில் எழுத்தாகப் பாருங்கள்.

சிசி வாங்கினால் மாதாமாதம் சரக்கு, பாக்கி விவரம் தர வேண்டும், பெரும்பாலும் 90 நாளைத் தாண்டிய பாக்கியைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், எடுக்கும் தொகை தானாகச் சுருங்கிவிடும். தவணை ஒரு நாள் தவறினாலும் கணக்கில் குறி விழும், 90 நாளைத் தாண்டினால் வாராக் கடன்.

அப்புறம் தவணைத் தேதி. பெரும்பாலும் 5ஆம் தேதி என்று அவர்களே போட்டுவிடுவார்கள், நாமும் தலையாட்டுவோம். எனக்கு வேலை தந்த கம்பெனி மாதம் 15ஆம் தேதிக்கு மேல்தான் பணம் போடும், அதனால் முதல் கடனில் மாதாமாதம் பத்து நாள் கைமாத்து வாங்கித் தவணை கட்டினேன். இரண்டாவது கடனில் விண்ணப்பத்திலேயே 20ஆம் தேதி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். மறுபேச்சில்லாமல் போட்டுத் தந்தார்கள்.